கிரகணமா காரணம்?

மாமல்லபுரத்திற்குச் செல்வோர் அர்ச்சுனன் தபசுப் பாறையைக் கண்டு வியக்கிறார்கள். அதற்கு அண்மையிலேயே உள்ள குரங்குக் குடும்பத்தைக் கண்டு சிரிக்கிறார்கள். தாய்க்குரங்கு குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறது. ஆண் குரங்கு பின்னால் அமர்ந்து அதன் தலையில் பேன் பார்க்கிறது. பிள்ளை பெற்றவளைப் பேணவேண்டும் என்பதைக் கல்லில் வடித்த பல்லவர் காலத்துச் சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கல் குரங்குக்குக் கிட்டிய பரிவு, அதே கடற்கரையில் உயிரோடு நடமாடும் ஒரு தாய்க்குக் கிட்டவில்லை. அந்தக் கதையை முதலில் கூறிவிடுகிறோம்.

நமது பள்ளியில் முதல் வகுப்பில் ஒரு சிறுவன். துடியானவன். மேலுதட்டில் தைத்த வடு ஒன்று உண்டு. மற்றப் பிள்ளைகள் அவனை 'மூளி' என்று அழைப்பதைக் கேட்டோம், அவர்களைக் கண்டித்தோம், தாயை வரச்சொல்லி அனுப்பினோம். மீன் கூடையை வாயிற்படியில் இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மையார் உள்ளே வந்தார். நாம் வாய் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "பசங்களைத் திட்டாதீங்க சார். தப்பு என்னுது. கிரகணத்தன்னிக்கு அருவாமனையில மீன் அரிஞ்சேன். எங்க மாமியார் அப்பவே தடுத்தாங்க. நான் கேக்கல."

கருவுற்றவள் கிரகணத்தின்போது எதையேனும் வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது நம் நாட்டார் நம்பிக்கை. உதட்டுப் பிளவுக்குக் 'கிரகண மூளி' என்றே பெயரும் சூட்டினார்கள். ஐந்தாண்டுகளாக அந்த அம்மையார் இந்தக் குற்றத்தைத் தாமே சுமந்துகொண்டிருந்தார். கணவன் வீட்டார் ஏசினர், ஊரார் பேசினர், அவரும் அதை நம்பினார்.

நாம் ஒன்றும் வாதாடவில்லை. கரும்பலகையில் தேதிகளை எழுதினோம். பிள்ளை பிறந்தது 2020 மே மாதத் தொடக்கத்தில், கொரோனா ஊரடங்குக் காலத்தில். அப்படியானால் கரு உண்டானது 2019 ஆகஸ்டு மாத நடுவில். வயிற்றில் வளரும் சிசுவின் மேலுதடு, இருபுறமிருந்தும் வளர்ந்து வரும் சதைகள் நடுவில் கூடிப் பொருந்துவதால் அமைவது. அந்த வேலை கரு உண்டான ஏழாவது வாரத்திற்குள் முடிந்துவிடும். அதாவது அக்டோபர் மாதத் தொடக்கத்திற்குள். கிரகணம் எப்போது வந்தது? டிசம்பர் 26ஆம் நாள் காலையில். உதட்டின் அமைப்பு முடிந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்த பிறகு! நிலவின் நிழல் பூமியில் விழுந்த அந்தக் காலையில் அவர் மீன் அரிந்தாலும் ஒன்றுதான், அரியாவிட்டாலும் ஒன்றுதான்.

அம்மையார் பலகையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ நான் இல்லையா சார்?"

தோழர்களே, அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதச் செய்தது. இல்லை என்று அவருக்கு விடை கூறினோம். ஆனால் 'நீதான்' என்று அவரிடம் கூறியது யார்? என்று தொடங்கியது அந்தத் தீர்ப்பு? அதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

புறநானூற்றின் இருபத்தெட்டாம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது. கண்ணின்மை, கூன், குறள், ஊமை, செவிடு என எட்டு வகைப் பிறவிகளை அப்பாட்டு அடுக்குகிறது. உறுப்பு அமையாப் பிண்டமும் அப்பட்டியலில் உண்டு. கூர்ந்து கண்டிருக்கிறார்கள் நம் முன்னோர் என்று மகிழலாம். அத்தகைய பிறப்புகளால் பயனில்லை என்று அதே பாட்டு ஒதுக்குவதைக் கண்டு வருந்தவும் வேண்டும். பழமை என்பதற்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பது நம் வழக்கமன்று. ஆயினும் ஒன்று: அப்பாட்டில் தாயின்மேல் பழி இல்லை. பிற்காலத்துத் திருமந்திரத்திலோ காரணமே கூறப்பட்டுவிடுகிறது. பிள்ளை மந்தனாவதும், ஊமையாவதும், குருடாவதும் தாயின் வயிற்றில் மலசலம் மிகுவதால் என்கிறது அது. தந்தையின் மூச்சோட்டத்தையும் அந்நூல் சேர்த்தே சொல்கிறது என்பதை மறைக்காமல் கூறிவிடுவோம். ஊர் எதை மறந்தது, எதை நினைவில் வைத்தது என்பதைத்தான் பார்க்கிறோமே!

மேனாட்டாரும் இதில் நம்மைவிட மேலானவர்களாக இருந்ததில்லை. கருவுற்றவள் முயலைக் கண்டு மிரண்டால் பிள்ளைக்கு முயல் உதடு வாய்க்கும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். இங்கே கிரகணம், அங்கே முயல். குற்றவாளிக் கூண்டில் மட்டும் இரு நாட்டிலும் ஒருத்திதான்.

அந்தக் கூண்டின் கதவை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1941ஆம் ஆண்டில் சிட்னி நகரில், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் அவரிடம் வரிசையாக வந்தனர். ஏன் இத்தனை பேர் ஒரே காலத்தில் என்று அவர் கேட்டார். தாய்மார்களை விசாரித்தபோது, கருவுற்ற தொடக்க மாதங்களில் அவர்களுக்கு ருபெல்லா என்னும் சிற்றம்மை கண்டிருந்தது தெரியவந்தது. இரண்டு மூன்று நாள் மேனியில் தடிப்புத் தோன்றி மறையும் எளிய நோய். தாய்க்கு ஒன்றும் செய்யாது. சிசுவின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் தாக்கிவிடும். கருப்பை எதுவும் நுழைய முடியாத கோட்டையன்று என்பது அன்று புலப்பட்டது. அம்மை என்றாலே ஆத்தாளின் விளையாட்டு என்று வேப்பிலை கட்டும் நம் நாட்டில், 2017 பிப்ரவரியில் தட்டம்மையோடு ருபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி போடும் பேரியக்கம் தொடங்கிற்று. முதலில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பெண் கருவுறும் முன்பே போட்டிருக்கவேண்டிய ஊசி இது, கருவுற்றபின் போடக்கூடாது.

அடுத்து வந்த பாடம் கொடியது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் ஒரு தூக்க மருந்து கடைக்கு வந்தது. மருந்தின் பெயர் தாலிடோமைடு; விற்ற பெயர் கான்டர்கன். தீங்கே இல்லாதது என்று விளம்பரம். மருத்துவர் சீட்டு இல்லாமலே அங்கே வாங்கலாம். மசக்கைக்கு நல்லது என்று கருவுற்றவர்களும் விழுங்கினர். கைகள் குறுகி, தோளிலிருந்தே விரல் முளைத்தாற்போல் குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விதுகிந்த் லென்ஸ் வீடு வீடாக விசாரித்து மருந்தைக் காட்டிக்கொடுத்தார். அதன் பின்னரே அங்கே அதன் விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள்! அமெரிக்காவில் அது கடைக்கு வரவில்லை. அங்கே மருந்து ஆய்வுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரான்செஸ் கெல்சி என்னும் பெண்மணி, 'சான்று போதாது' என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நிறுவனம் நெருக்கியது, அவர் அசையவில்லை. ஆஸ்திரேலியாவில் இம்மருந்தைப்பற்றி எச்சரித்துப் புகழ்பெற்ற வில்லியம் மக்பிரைடு, பிற்காலத்தில் வேறொரு மருந்து ஆய்வில் கணக்கைத் திரித்தார் என்று 1993இல் மருத்துவப் பதிவிலிருந்தே நீக்கப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அறிவியலில் ஆளைத் தொழுவதற்கு இடமில்லை.

இந்த மருந்தின் கதை ஜெர்மனியோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு விரித்திருக்கமாட்டோம். அது நமது செங்கற்பட்டுக்கே வந்தது.

செங்கற்பட்டு நகரை அடுத்த திருமணியில் தொழுநோயாளருக்கென வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் ஒரு மருத்துவமனை வெள்ளையர் காலத்திலேயே இருந்தது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. தொழுநோயில் ஒரு கொடுமை உண்டு. மருந்து உண்டுவரும்போதே சிலருக்கு உடலெங்கும் சிவந்த கட்டிகள் எழும்பும், காய்ச்சல் எரிக்கும், நரம்புகள் வலிக்கும், உறக்கமே இராது. எருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், அப்படித் துடித்த ஒரு நோயாளிக்கு உறக்கம் வரட்டும் என்று, கைவிடப்பட்டுக் கிடந்த தாலிடோமைடைக் கொடுத்துப் பார்த்தார். உறக்கம் மட்டுமா வந்தது? கட்டிகளும் அடங்கின! 1965இல் அதனை வெளியிட்டார். உண்மைதானா என்று தேர்ந்து பார்க்க உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதனை நடத்தியது. முடிவுகள் 1971இல் வெளிவந்தன. அவ்வறிக்கையின் ஆசிரியர்களுள் செங்கற்பட்டு நிலையத்தைச் சேர்ந்த சி. ஜி. எஸ். ஐயரும் கே. ராமானுஜமும் இருந்தனர். நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது எந்த மாத்திரை என்று தெரியாதவாறு, ஒரு சாராருக்குத் தாலிடோமைடும் மற்றொரு சாராருக்கு ஆஸ்பிரினும் தந்து ஒப்பிட்டார்கள்.

அந்த அறிக்கையின் தலைப்பில் ஒரு சொல் உண்டு. அதை நாம் மறக்கக்கூடாது. 'ஆண் நோயாளர்' என்பதே அச்சொல். பத்தாயிரம் குழந்தைகள் கற்பித்த பாடம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. பிரேசில் நாட்டில் அந்தக் காவல் தளர்ந்தது. தொழுநோய்க் குடும்பங்களில் மாத்திரை கைமாறியது. பிற்காலத்திலும் கையற்ற பிள்ளைகள் அங்கே பிறந்தன. ஒரே மருந்து, ஒருவனுக்கு மீட்பு, மற்றொரு கருவுக்கு அழிவு. அதனைப் பிரிக்கும் கோடு கருவுற்ற இருபதாம் நாள் முதல் முப்பத்தாறாம் நாள் வரையிலான குறுகிய காலம். கையும் காலும் செவியும் உருவாகும் அந்நாட்களில் ஒரு மாத்திரையே போதும். 'ஏதோ ஒரு மாத்திரை கொடுங்கள்' என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் நம் வழக்கத்தை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. அதற்காக வலிப்பு நோய்க்கோ நீரிழிவுக்கோ மருந்து உண்பவர்கள் அஞ்சித் தாமே நிறுத்திவிடுவதும் கேடுதான். கருவுறும் முன்பே மருத்துவரிடம் கூறினால், பொருத்தமான மருந்தாக மாற்றித் தருவார்கள்.

கெடுப்பது எது என்று கண்ட வரலாறு இது. காப்பது எது என்று கண்ட வரலாறும் நம் மண்ணைத் தொட்டுத்தான் சென்றிருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்கள் இரத்தம் சுண்டிச் சாவதேன் என்று ஆராய்வது அவர் பணி. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். அன்று அதன் பெயர் என்ன தெரியுமா? 'சாதி, கோஷா ஆஸ்பத்திரி!' முக்காட்டுக்குள் இருந்தோரும் சாதி கெட்டுவிடும் என்று அஞ்சியோரும் வருவதற்கென அப்படியொரு பெயர். இரத்தம் சுண்டியவர்களின் நோய்க்கு மட்டும் சாதியும் இல்லை, கோஷாவும் இல்லை. பற்றாத உணவே நோய் என்று லூசி வில்ஸ் கண்டார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்னும் மலிவான சாற்றைக் கொடுத்தார், பெண்கள் தேறினர். அதில் உள்ள பொருள் எது என்று அப்போது எவருக்கும் தெரியாது. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து அப்பொருளைச் சிறிது பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

நான்கு டன் கீரையை யார் தின்பது? செயற்கையாகச் செய்தாக வேண்டும். 1945இல் அதைச் செய்து காட்டிய லெடர்லி ஆய்வுக்கூடத்துக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, அதே திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாமல் குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர். உடன்பிறந்தார் இருவரை 'ஸ்புரூ' என்னும் வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய்க்கும் மருந்தாக அமைந்தது இந்த ஃபோலிக் அமிலமே. 1948இல் அவர் மறைந்தார். தாம் செய்த மாத்திரை இரத்தத்தை ஊறச்செய்யும் என்று அவருக்குத் தெரியும். முதுகுத்தண்டைக் காக்கும் என்பது தெரியாது.

அது தெரிய 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. கரு உண்டான சில நாட்களில் அதன் முதுகில் ஒரு தகடு தோன்றி, இரு ஓரமும் எழுந்து, வெற்றிலையைச் சுருட்டினாற்போல் மடிந்து குழாயாகிறது. அதுவே மூளையும் தண்டுவடமும். இருபத்தெட்டாம் நாளுக்குள் அக்குழாய் மூடிவிடவேண்டும். கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு, கால்கள் செயலிழக்கும். மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் அமையா; பிள்ளை பிழைக்காது. இத்தகைய பிள்ளையை ஒருமுறை பெற்ற தாய்மார்களை ஏழு நாடுகளில் முப்பத்துமூன்று மருத்துவ நிலையங்களில் சேர்த்து, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் சோதனை நடத்தியது. மொத்தம் 1,817 பெண்கள். ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடையே இக்கேடு 72 விழுக்காடு குறைந்தது. இனியும் மற்றவர்களுக்கு மறுப்பது அறமன்று என்று சோதனையையே இடையில் நிறுத்திவிட்டார்கள்.

இருபத்தெட்டு நாள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போய், ஐயுற்று, மாமியாரிடம் கூறி, மருத்துவமனைக்குச் சென்று பெயர் பதிந்து மாத்திரை வாங்கும்போது அந்த நாட்கள் கடந்துபோயிருக்கும். ஆகவே கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம், முதல் மூன்று மாதம் வரை உண்ணவேண்டும் என்பது விதி. முன்பு அத்தகைய பிள்ளை பிறந்திருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டித் தருவார். முருங்கைக் கீரையும் பயறும் நல்லனவே. கொதிக்க வைக்கையில் சத்துக் குறைவதால் அவை மட்டும் போதா. திருமண மேடைகளில் மணிக்கணக்கில் வாழ்த்துரை வழங்கும் தோழர்களே, அதில் ஒரு நிமிடத்தை இதற்கு ஒதுக்கக்கூடாதா? மணமக்கள் கையில் இந்த மாத்திரைப் பட்டையைக் கொடுத்தால் விலையும் சொற்பம்.

மேடையில் நிற்கும்போதே இன்னொன்றையும் பார்க்கவேண்டும். மணமகள் யார்? அக்காள் மகளா? மாமன் மகளா? சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காகவும், சாதி விலகக்கூடாது என்பதற்காகவும் நாம் போற்றி வரும் வழக்கம் இது. ஒரே குடும்பத்தில் மறைந்து கிடக்கும் ஒரே குறைக்கூறு, தாய் வழியும் தந்தை வழியும் வந்து பிள்ளையிடம் கூடிவிட இது இடம் தருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தீங்கு வந்துவிடாது. பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு மூன்றாக உள்ள பொதுவான வாய்ப்பு, மாமன் மகளை மணந்தால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அக்காள் மகளை மணந்தால் இரத்த நெருக்கம் இன்னும் மிகுதி. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த சாரதா சட்டம்கூடப் பதினான்கோடு நின்றது. சிறுமி தாயாவதைத் தடுக்கக் கை உயர்த்திய ஊரில், உறவுக்குள் மணப்பதைப்பற்றி வாய் திறக்கத் தயங்குகிறோம்.

இந்தக் கடற்கரை மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'கல்பாக்கத்தில் 1983 முதல் அணு உலை ஓடுகிறதே, அதனால் வருமா?' கிரகணத்தோடு இதையும் சேர்த்து எள்ளி நகையாடுவது பகுத்தறிவாகாது. கதிர்வீச்சு அளவு மீறினால் கருவைத் தாக்கும் என்பது மெய்தான். கேரளத்தின் கொல்லம் கடற்கரையில் மணலிலேயே இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பதிந்து பார்த்தபோது பிறவிக் குறைகள் கூடியிருக்கவில்லை. அது அந்த மணலுக்கு உரிய விடை. உலைக்கு உரிய விடையும் அவ்வாறே ஒவ்வொரு பிறப்பையும் எண்ணிப் பதிந்து, வெளிப்படையாக மக்கள்முன் வைக்கப்படவேண்டும். அஞ்சுகிறவனை அறிவிலி என்பதால் அச்சம் தீராது.

இத்தனை கூறிய பிறகும், நமது மாணவனின் உதட்டுக்கு இதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் விரல் நீட்ட முடியாது. பரம்பரைக் கூறுகளும் கருவின் சூழலும் கலந்து நேர்வது அது. பல குறைகளுக்கு நிலைமை அதுவே. டவுன் நோய்க்குறி என்பது ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைவது. 1959இல்தான் அது தெரிந்தது. தாய் உண்டதும் உறங்கியதும் அதற்குக் காரணமல்ல. ஆனால் பிறந்தபின் செய்வதற்கு நிறைய உண்டு. பிளந்த உதட்டைச் சில மாதங்களிலேயே தைத்துவிடலாம். திரும்பிய பாதத்தை மாவுக்கட்டுப் போட்டுப் போட்டே நிமிர்த்திவிடலாம். கேளாச் செவியைத் தொடக்கத்திலேயே கண்டால் பேச்சைக் காப்பாற்றலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை இவற்றைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும். ஊரடங்கால் தள்ளிப்போய், நமது சிறுவனுக்கு உதடு தைத்தது 2021இல். இன்று 'பம்பரம்' என்று அவன் பலுக்குவதில் பிழை காண்பது அரிது.

அவனுடைய தாயார் இரண்டொரு நாள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை தனியாக வரவில்லை. முதிய பெண்மணி ஒருவர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பறை வாயிலிலேயே நின்றார். உள்ளே வருமாறு அழைத்தோம். கரும்பலகையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார்.

"அந்தத் தேதிக் கணக்கை எனக்கும் ஒருவாட்டி போட்டுக் காட்டு தம்பி" என்றார்.

சுண்ணக்கட்டியை எடுத்தோம்.